நெஞ்சு இழுக்குதா, கைகால் இழுக்குதா

வெயில் காலத்தில் ஒரு நாள், ஓர் ஆள் தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தான். இரண்டு நாளாக வாந்தியும் பேதியும். பையன் ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தான். உள்ளே கொண்டுபோய் ஊசி குத்தி, பாட்டில் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் கழித்துப் பையன் கண்ணைத் திறந்து "அப்பா, தண்ணி" என்றான். அப்போதுதான் அந்த ஆளுக்குத் தன் கால் ஞாபகமே வந்தது. செருப்புப் போடாமல் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறான். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். எதிர்ப்பக்கத்து மருந்துக் கடைக்குப் போய்வரச் சொல்லிக் கையில் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். கொதிக்கிற தார் ரோட்டைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு, அவன் மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்திருந்தது. பெண்பிள்ளைகள் போடுகிற செருப்பு.

"போட்டுட்டுப் போப்பா. யாரோ விட்டுட்டுப் போனது, ரொம்ப நாளா கிடக்குது" என்றார் வாசலில் நின்ற சிஸ்டர், அவன் முகத்தைப் பார்க்காமலே.

குதிகால் வெளியே துருத்த அவன் தத்தித் தத்திப் போனான். சாயங்காலம் வேலை முடிகிறவரை சிஸ்டர் வெறுங்காலோடு நின்றார். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர் ஒருவர் மட்டும் இதைக் கவனித்தார்.

"செருப்பு எங்க சிஸ்டர்?"

"கடிக்குதுண்ணே. கழட்டி வெச்சிருக்கேன்."

"மூணு வருஷமா போடுற செருப்பு இன்னிக்குத்தான் கடிக்க ஆரம்பிச்சுதா?"

"இப்பத்தான் பல்லு முளைச்சிருக்கும். போய் வேலையைப் பாருங்கண்ணே."

அந்த மருத்துவமனையில் வண்டி தள்ளுகிறவரை எல்லோரும் வண்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். விடிந்ததும் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியின் பிடியைத் தொடுவார். வண்டியில் படுக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் மனசுக்குள் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வார். சக்கரம் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த சிஸ்டருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாசல் சிஸ்டர். குழந்தைகளுக்கான அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, நாலு அடி தள்ளி, அவருக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு போன். நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. "நாற்காலிக்கு உங்க மேல கோவமாம் சிஸ்டர்" என்று சீட்டு எழுதுகிறவர் கேலி பண்ணுவார். உட்கார்ந்தால் வருகிற பிள்ளையின் முகம் பெரியவர்களின் முழங்கை மறைவில் போய்விடும் என்பது சிஸ்டர் சொன்ன காரணம்.

அவர் வேலை பார்ப்பது. வெறுமனே பார்ப்பது. ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால், தொடுவதற்கு முன் இரண்டு அடி தள்ளி நின்று பார்ப்பார். குழந்தை ஆளைப் பார்க்கிறதா, இல்லை கண் எங்கோ நிலைத்திருக்கிறதா. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுகிறதா. உதடும் பாதமும் என்ன நிறம். பிறகு கிட்டே போய், நெஞ்சில் விரலை வைத்து அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் எத்தனை நொடியில் சிவக்கிறது. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுவார். இதற்குப் பிறகு மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார். சிவப்பு என்றால் இப்போதே உள்ளே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் பெஞ்சில் உட்காரலாம்.

பெஞ்சில் உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? பெற்ற வயிறு அல்லவா. தினமும் நாலு பேராவது சண்டைக்கு வருவார்கள்.

"இது என்னம்மா நியாயம்? என் பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை வறண்டு கிடக்கான். நீங்க தூங்குற பிள்ளையை முதல்ல எடுக்கிறீங்க!"

"கத்துறான்ல? அந்தச் சத்தத்துக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்க. காத்து நல்லாப் போய் வருதுன்னு அர்த்தம். அந்தப் பிள்ளை தூங்கலைங்க" என்பார் சிஸ்டர். குரலை உயர்த்த மாட்டார். அந்த ஆள் அப்புறமும் முணுமுணுப்பான். அரை மணி கழித்து, தூங்குகிற பிள்ளையின் அம்மா உள்ளே அழுகிற சத்தம் கேட்டதும் அவனே தன் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொள்வான்.

வீட்டிலும் அவருக்கு இதே புத்திதான். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஒரே மகள், கல்லூரி முதல் வருஷம். "எங்க போனாலும் அம்மா அடுத்தவங்க குழந்தை மூச்சை எண்ணிட்டு நிக்கிறாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, கண்ணு வைக்கிறாங்கன்னு நினைச்சுப் பிள்ளையைத் தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க" என்று மகள் ஒருமுறை மருத்துவமனைக்கே வந்து வண்டிக்காரரிடம் முறையிட்டுவிட்டுப் போனாள். சிஸ்டர் சிரித்தார். சிரிக்கும்போதும் கண் கதவுப் பக்கம்தான் இருந்தது.

அப்படிப்பட்டவருக்குத்தான் அது நடந்தது.

மத்தியானம் இரண்டேகால் மணி. சீட்டு எழுதுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். பெஞ்சில் பதினோரு பேர். காதுவலியில் வீறிடுகிற ஒரு குழந்தையின் அப்பா மேசையில் ஓங்கித் தட்டி நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் சுவரோரம் வண்டியை நிறுத்தி, விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. சிஸ்டர் எடுத்தார். அந்தப் போனில் அடுத்த முனையில் பேசுகிறவர்கள் பதற்றத்தில் கத்துவார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும்.

"சிஸ்டர், குழந்தைக்கு இழுப்பு வந்துடுச்சு சிஸ்டர்!"

"பதறாதீங்கம்மா. என்ன வயசு?"

"நாலு வயசு. பொண்ணு."

"முன்னாடி வந்திருக்கா?"

"ரெண்டு தடவை வந்திருக்கு. ஆனா இந்த மாதிரி இல்லை."

"காய்ச்சல் இருக்கா?"

"நேத்துலேர்ந்து சளி, காய்ச்சல்."

"கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்குதா?"

"கண்ணு சொருகுற மாதிரி இருக்கு சிஸ்டர். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"சரி, கேளுங்க. ஆம்புலன்ஸ் வேற இடத்துக்குப் போயிருக்கு, காத்திருக்க வேண்டாம். பக்கத்துல கார் இருந்தா எடுத்துட்டு வாங்க. பின் சீட்டுல குழந்தையை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க, எதையும் திணிக்காதீங்க. குழந்தை எந்திரிக்கப் பார்க்கும், பிடிச்சுக்கங்க. எந்திரிக்க விடாதீங்க, விழுந்துடும்."

"சரி சிஸ்டர். சரி சிஸ்டர்."

போனை வைத்துவிட்டு சிஸ்டர் உள்ளே திரும்பி, வலிப்புக்குப் போடுகிற ஊசியை எடுத்து வைக்கச் சொன்னார்.

வண்டிக்காரரின் கை விரிப்பிலேயே நின்றுவிட்டது. அவர் மனைவிக்கு இழுப்பு. இருபது வருஷமாக. ராத்திரியில் தலையணை மூன்றை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் அந்த அம்மாள் கண் மூடுவாள். நெஞ்சு ஹார்மோனியம் மாதிரிச் சத்தம் போடும். படு என்று சொன்னால், "என்னைக் கொல்லப் பார்க்கிறீங்களா?" என்பாள். அவர் வீட்டில் இழுப்பு என்றால் மூச்சு இழுப்பு. அதற்கு வேறு அர்த்தம் உண்டென்று அவருக்குத் தெரியாது. சிஸ்டர் பிறந்து வளர்ந்த பக்கத்திலோ இழுப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்கிற வலிப்பு. மூச்சு முட்டுவதை அங்கே 'இளைப்பு' என்பார்கள். ஒரே சொல், இரண்டு நோய். ஒன்றுக்குப் படுக்க வைக்க வேண்டும். இன்னொன்றுக்குப் படுக்கவே வைக்கக் கூடாது.

இழுப்புக்காரியைப் படுக்க வைக்கலாமா? வண்டிக்காரர் வாயைத் திறந்தார். "சிஸ்டர்..."

காதுவலிப் பிள்ளையின் அப்பா மறுபடியும் மேசையைத் தட்டினார். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். வண்டிக்காரர் வாயை மூடிக்கொண்டார். நாம் அஞ்சாங்கிளாஸ் ஆள். படித்தவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? பிள்ளைகளுக்கு வருகிற இழுப்புக்கு வேறு முறை இருக்கும். இப்படி நினைத்து விரிப்பை மடித்து ஓரம் செருகினார்.

இருபத்தைந்து நிமிஷம் கழித்துக் கார் வந்து நின்றது.

சிஸ்டர் வாசலுக்கே போயிருந்தார். பின் கதவு திறந்தது. சீட்டில் ஒருக்களித்துக் கிடந்த பிள்ளையை ஒரு பெண் இரண்டு கையாலும் தோளிலும் இடுப்பிலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் நகங்கள் பிள்ளையின் சட்டையில் பதிந்திருந்தன.

"நீங்க சொன்னபடியே வந்தேன் சிஸ்டர். எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா. விடவே இல்லை. இப்பத்தான் அடங்கிட்டா. நெஞ்சுல இருந்த சத்தமும் நின்னுடுச்சு."

சிஸ்டர் பார்த்தார். கைகால் வெட்டவில்லை. கழுத்துக் குழி உள்ளே போய், விலாவுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக விழுந்து, அதுவும் களைத்துப்போய்த் தயங்கித் தயங்கி விழுந்தது. உதடு ஈயத்தின் நிறம். நெஞ்சில் சத்தம் நின்றது நல்லதற்கு அல்ல, சத்தம் போடக் காற்றே போகவில்லை.

சிஸ்டரின் முகம் மாறியதை வண்டிக்காரர் பார்த்தார். அந்த முகத்தை அவர் சாகிறவரை மறக்கப் போவதில்லை. ஒரே ஒரு நொடிதான். அடுத்த நொடி சிஸ்டர் பிள்ளையை அள்ளித் தூக்கித் தன் தோளோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். வண்டிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"டாக்டரம்மா! வலிப்பு இல்லை, மூச்சு! நெஞ்சு அடைச்சிருக்கு! எடை பதினாலு கிலோ!"

குழந்தைகளுக்கு எல்லா மருந்தும் எடைக் கணக்கு. தூக்கின கையே எடை சொல்லும் அவருக்கு. டாக்டரம்மா ஓடிவந்து நெஞ்சில் குழாயை வைத்தார், தலையை ஆட்டினார். ஆக்சிஜன் முகமூடி, அதோடு புகையாய்ப் போகிற மருந்து. தொடையில் ஓர் ஊசி. கை நரம்பு கிடைக்கவில்லை, காலில் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை மூச்சு விடுவதையே விட்டுவிட்டது. சிஸ்டர் முகமூடியில் பையைப் பொருத்திக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றுக் கொடுத்தார். அழுத்தும்போது அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறாரா, வேண்டுகிறாரா என்று வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. அவர் சுவரோடு ஒட்டி நின்று, "ஆண்டவனே, என் வாயைத் திறக்க வெச்சியே, ஏன் மூட வெச்சே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழியை மேலே போடுவது மனுஷனுக்குச் சுலபம். அது அவருக்கும் தெரியும்.

தொண்டையில் குழாய் போட்டு, மூச்சுக்கு மெஷினைப் பொருத்தி, மேல்மாடித் தீவிர சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். வண்டியைத் தள்ளினவர் அவர்தான். அன்றைக்கு அது இரும்பாகக் கனத்தது.

உயிர் இருக்கிறது, மூளைக்கு எவ்வளவு நேரம் காற்று போகாமல் இருந்தது என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சிஸ்டர் கீழே வந்து பதிவுத் தாளை எடுத்தார். நேரம் போட்டு, 'தொலைபேசியில் இழுப்பு என்று தாய் சொன்னதை நான் வலிப்பு என்று எடுத்துக்கொண்டேன். படுக்க வைக்கச் சொன்னேன். தவறு என்னுடையது' என்று எழுதினார். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சிஸ்டர் இது? யாரும் கேக்கலையே. ஏற்கெனவே மோசமான இழுப்பு. உக்கார வெச்சுக் கொண்டு வந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம்."

"ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம் டாக்டர். பேனாவைக் குடுங்க."

மேலே அந்த அறைக்கு வெளியே பிள்ளையின் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சிஸ்டர் பார்க்கப் போனபோது எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க போன்ல வழி சொல்லலைன்னா வீட்டுலயே போயிருப்பா சிஸ்டர். நீங்க நல்லா இருக்கணும். உங்க பிள்ளை குட்டி நல்லா இருக்கணும்."

வண்டிக்காரர் அடுத்த அறை வாசலில் ஒரு பெரியவரை இறக்கிக்கொண்டிருந்தார், எல்லாம் கேட்டது. சிஸ்டர் எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அப்போது வண்டிக்காரருக்கு ஒரு கெட்ட நிம்மதி வந்தது. விஷயம் இதோடு போகட்டும். தாளில் எழுதியது தாளோடு இருக்கட்டும். அந்த அம்மாவுக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? தெரியாமல் இருந்தால் வாழ்த்துகிறாள், தெரிந்தால் சபிப்பாள். பிள்ளை பிழைத்தால் போதும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சிஸ்டர் மறுபடி மேலே போனார். வேலை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. வண்டிக்காரர் தாழ்வாரத்தின் கடைசியில் வண்டியோடு நின்றார். சிஸ்டர் நேராக அந்தப் பெண்ணிடம் போய், அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து வண்டிக்காரர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, நேத்து உங்ககிட்ட வாங்கின வாழ்த்து எனக்கு உரியது இல்லை. நீங்க இழுப்புன்னு சொன்னீங்க. எங்க பக்கத்துல அது வலிப்பு. உங்களுக்கு அது மூச்சு. நான் எப்படின்னு கேட்டிருக்கணும், கேக்கலை. மூச்சு முட்டுற பிள்ளையை உக்கார வெச்சுத்தான் கொண்டு வரணும். நான் படுக்க வைக்கச் சொல்லிட்டேன். உங்க குழந்தை எந்திரிச்சு உக்காந்ததுதான் சரி."

வண்டிக்காரர் குனிந்து, நன்றாகச் சுற்றுகிற சக்கரத்தில் எண்ணெய் விட்டார். பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். "நானும் கேட்டேன்மா, எனக்கும் தெரியும்மா" என்று சொல்லிவிடலாம். அந்தப் பத்து எட்டு அவருக்கு வரவில்லை.

அந்தப் பெண் கத்துவாள் என்று நினைத்தார். அவள் கத்தவில்லை. வெகுநேரம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, நான் அமுக்குனது?" என்றாள்.

"நான் சொன்னதாலதான் நீங்க அமுக்குனீங்க. அது உங்க கை இல்லை. என் வாய்."

அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய், குழாயடியில் வாந்தி எடுத்தாள். அவள் புருஷன் வந்தான். அவன் கத்தினான். அவன் கத்தியதை எழுதுவதற்கில்லை, பிள்ளையைப் பெற்றவன் அவன். சிஸ்டர் ஒவ்வொரு வார்த்தையையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அவன் "என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க" என்றபோதுதான் நகர்ந்தார்.

விசாரணை வைத்தார்கள். ஒரு நீள மேசை, மூன்று பேர், நடுவில் ஒரு கோப்பு. சிஸ்டரை ஒரு மணி நேரம் கேட்டார்கள். போன் வரும்போது பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டதற்கு, "வண்டி தள்ளுற அண்ணன் இருந்தாரு. அவர் வேலையை அவர் பார்த்துட்டு இருந்தாரு" என்று சொன்னாராம். வண்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், நுனியில் உட்கார்ந்தார்.

"போன்ல பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ரொம்பச் சத்தமா இருந்துச்சு சார். ஒரு பிள்ளை அழுதுட்டு இருந்துச்சு. காதுல சரியா விழலை."

அவ்வளவுதான். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் கடவுள் முன்னால் விளக்கேற்றிக் கைகூப்பினார். வார்த்தை வரவில்லை. மனைவி மூன்று தலையணையில் சாய்ந்தபடி, "என்ன, சாமிக்கும் உங்களுக்கும் பேச்சு வார்த்தை இல்லையா?" என்று கேலி பண்ணினாள். அவர் எழுந்து வெளியே போய் நின்றார். மூச்சுக்குத் தவிக்கிறவள் பக்கத்தில் இருபது வருஷம் படுத்தவன், மூச்சு முட்டின ஒரு பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது ஒரு பாவம், கேட்டதைக் கேட்கவில்லை என்றது இரண்டாவது பாவம். இரண்டாவதுதான் பெரிது என்று அவருக்குப் பட்டது. முதலாவது பயம். இரண்டாவது வெறும் பொய்.

பிள்ளையின் தொண்டையிலிருந்து ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள். ஆனால் பழைய பேச்சு இல்லை. ஒரு வார்த்தையைத் தேடி எடுக்க நேரமாகும். இடது கையால் டம்ளரைப் பிடித்தால் நழுவும். போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டரம்மா. எவ்வளவு என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

விசாரணை முடிகிறவரை சிஸ்டரை வாசலிலேயே விட்டிருந்தார்கள், வேறு ஆள் கிடைக்காததால். அந்த நாட்களில் அவர் ஓர் அட்டையில் தன் கையெழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டினார். 'நோயின் பெயரைக் கேட்காதே. கண்ணால் பார்ப்பதைச் சொல்லச் சொல். நெஞ்சு இழுக்குதா, கைகால் இழுக்குதா? குழந்தை எப்படி இருந்தால் சுகமாக இருக்கிறது, படுத்தா, உட்கார்ந்தா? போனைக் குழந்தையின் வாய்ப் பக்கம் கொண்டுபோகச் சொல்.' அடுத்தடுத்து வந்த போன்களில் அவர் குரல் மாறியிருந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். கேட்டுவிட்டுப் போனை வைத்த பிறகும் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பச்சை கட்டிவிட்டு, அவிழ்த்து மஞ்சள் கட்டி, அதையும் அவிழ்த்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். வெறும் சளி. "என்ன சிஸ்டர், உங்களுக்கே சந்தேகமா?" என்று சீட்டு எழுதுகிறவர் சும்மா கேட்டுவிட்டார்.

அந்தப் பெண் பிள்ளையை மறு பரிசோதனைக்குக் கூட்டி வருவாள். சிஸ்டர் நிற்கிற பக்கம் பார்க்க மாட்டாள். ஒரு தடவை மட்டும், சிஸ்டர் உள்ளே போயிருந்த நேரம், மேசைக்கு எதிரே வந்து நின்று அந்த அட்டையை வாய்விட்டுப் படித்தாள். முழுசும் படித்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மனசில் என்ன இருந்தது என்று வண்டிக்காரருக்குத் தெரியாது. கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை.

ஐந்தாவது மாதம் தீர்ப்பு வந்தது. சிஸ்டர் அவசரப் பிரிவில் இருக்க வேண்டாம். ஊருக்கு வெளியே, தடுப்பூசி போடுகிற சின்ன நிலையத்துக்கு மாற்றல். வாசலுக்கு வந்த புது நர்ஸ், பழகிய இடம் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடைசி நாள் மத்தியானம் சிஸ்டர் தன் அலமாரியைக் காலி பண்ணினார். ஒரு அட்டைப்பெட்டி, ஒரு துணிப்பை. வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். வழியெல்லாம் சிஸ்டர் அவர் மனைவியின் உடம்பைப் பற்றித்தான் விசாரித்தார். மருந்தை வேளைக்கு எடுக்கிறாளா, மாடி ஏறினால் முட்டுகிறதா என்று. ஒவ்வொரு கேள்வியும் வண்டிக்காரருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. பெட்டியைப் பெஞ்சில் வைத்தார்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்குப் போன்ல அந்தம்மா பேசினது எனக்கு முழுசும் கேட்டுச்சு. எங்க வீட்டுல இழுப்புன்னா மூச்சுதான். நீங்க படுக்க வைக்கச் சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. சொல்ல வந்தேன். அப்புறம், நாம யாரு சொல்லன்னு விட்டுட்டேன். அவங்க விசாரிச்சப்பவும் காதுல விழலைன்னுட்டேன். பொய் சிஸ்டர். அஞ்சு மாசமா சாப்பிடுற சோறு இறங்கலை."

திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். 'பரவாயில்லைண்ணே' என்று சொன்னாலும் நன்றாக இருக்கும். இரண்டில் எது வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

சிஸ்டர் அவரைப் பார்த்தார். வாசலில் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி, இரண்டு அடி தள்ளி நின்று, அவசரப்படாமல் பார்த்தார். திருப்பத்தில் பஸ் தெரிந்தது. அவர் துணிப்பையைத் தோளில் மாட்டி, பெட்டியை வண்டிக்காரர் தூக்குவதற்குள் தானே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சந்திக்கவில்லை. பஸ் வந்து நின்றபோது, படியில் ஒரு காலை வைத்தபடி, கோபமில்லாமல், மிகவும் களைத்த குரலில் அவர் சொன்னது இதுதான்:

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே. அந்தம்மா முன்னாடி நாம ரெண்டு பேரா போய் நின்னிருக்கலாம். தனியாப் போய் நிக்கிறது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."